முள்ளாற்றுச் சங்குக்குக் காவல்

“டீச்சரம்மா, நான் அந்த நாற்காலிய விட்டு எழுந்தா மூணு ஊரும் போயிடும்” என்றார் தணிகாசலம்.

தன் வீட்டு வாசலில் நின்ற அவரை ஜெயசீலி டீச்சர் ஏற இறங்கப் பார்த்தார்.

“இப்ப எழுந்துதானே வந்திருக்கீங்க?”

“ரூமைப் பூட்டிட்டு ஓடி வந்தேன். சீக்கிரம் ஒரு வழி சொல்லுங்க, நான் போகணும்.”

வெள்ளச் சங்கு அறையின் காவலாளி தணிகாசலத்துக்கு ஐம்பத்தொன்பது வயது, ஆவணியோடு பணி ஓய்வு. டீச்சருக்கு முப்பத்து மூன்று. கம்ப்யூட்டரில் சந்தேகம் என்றால் அந்த மலையில் வயசு பார்க்காமல் எல்லோரும் டீச்சரிடம்தான் வருவார்கள்.

முள்ளாறு சொல்லாமல் கொள்ளாமல் பெருகும் ஆறு. அதன் மேல்கரையில் ஒரு பாறை, பாறைமேல் ஓர் அறை, பாறைக்கு அடியில் தண்ணீரில் ஒரு மிதவை. மிதவை உயர்ந்தால் அறையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குச் சேதி வரும். கம்ப்யூட்டர் கீழே மூன்று ஊரிலும் வெள்ள எச்சரிக்கைச் சங்கை ஊத வைக்கும். அந்த வேலையைச் செய்யும் சர்வர் ஒரு கருப்பு விண்டோவில் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோவை மூடினால் சர்வரும் நின்றுவிடும்.

போன மழைக்காலத்தில் அது நின்றது. தணிகாசலம் சாப்பிடப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. சர்வரைத் திரும்ப ஓட்டிவிட ஆள் இல்லை. அந்த அரை மணி நேரத்தில்தான் ஆறு வந்தது.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கோமளா, தணிகாசலத்தின் ஒரே மகள். ஒரு புங்கமரத்து வேரைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. அறையிலேயே சோறு, அறையிலேயே தூக்கம். திரையில் ‘கை வைக்காதே’ என்று சீட்டு ஒட்டிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த விண்டோவையே பார்த்திருந்தார். அந்த அறைக்கு அவரைத் தவிர வேறு யாரும் வருவதில்லை.

“சர்வீஸா மாத்திடுங்க” என்றார் டீச்சர். “மெஷின் எழும்போதே அதுவும் கூட எழுந்துடும். நீங்க லாக் இன் பண்ணவே வேணாம். விண்டோவும் இருக்காது.”

எப்படிச் செய்வதென்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் தணிகாசலம் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“மாத்திட்டேன். இப்பதான் இன்னும் பயமா இருக்கு.”

“ஏன்?”

“கண்ணுக்குத் தெரியலம்மா. முன்னெல்லாம் கருப்புல எழுத்து ஓடும், பாத்துட்டு இருப்பேன். இப்ப வெறும் திரை. ஓடுதா நின்னுபோச்சான்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் சர்வீஸ் லிஸ்ட்டைத் திறந்து பாக்குறேன்.”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்க, போலாம்.”

அறைக்குள் நுழைந்ததும், சங்கைச் சோதிக்கப் போகிறோம், பயப்பட வேண்டாம் என்று மூன்று ஊருக்கும் போன் போட்டுச் சொன்னார் டீச்சர். பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பினார்.

“லாக் அவுட் பண்ணுங்க.”

 ஆறு மாதமாகத் தணிகாசலம் செய்யாத காரியம் அது. கண்ணை மூடிக்கொண்டு செய்தார்.

டீச்சர் பாறையில் இறங்கி, தண்ணீரில் கால் வைத்து, மிதவையைக் கையால் தூக்கினார்.

மேலே தணிகாசலம் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். மறுமுனையில் கோமளா.

“ஊதுதுப்பா. காது கிழியுது.”

அவர் அழுதுவிட்டார். டீச்சர் மேலே ஏறி வந்தபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“சர்வீஸ் யார் பேர்ல ஓடுது?”

“என் பேர்லதான். எந்தக் கணக்குல ஓடணும்னு கேட்டுச்சு. என் பேரையும் பாஸ்வேர்டையும் போட்டேன். வேற யாரை நம்புறது?”

டீச்சர் நாற்காலியைக் காட்டினார்.

“இப்ப லாக் இன் பண்ணி, உங்க பாஸ்வேர்டை மாத்துங்க.”

மாற்றினார்.

“ரீஸ்டார்ட் பண்ணுங்க.”

கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. டீச்சர் மறுபடியும் பாறையில் இறங்கிப் போனார். தணிகாசலம் இந்த முறை தெம்பாகவே போனை எடுத்தார். எட்டிப் பார்த்தார். டீச்சர் மிதவையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

“கோமளா?”

“இருக்கேம்பா.”

“ஊதுதா?”

“இல்லப்பா.”

“நல்லா கேளும்மா.”

“ஆத்துச் சத்தம்தாம்பா கேக்குது.”

 தணிகாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். புங்கமரத்து வேர் கண்முன் வந்து நின்றது.

டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

“சர்வீஸ் பழைய பாஸ்வேர்டை வெச்சுக்கிட்டு எழப் பாத்திருக்கும். முடியல.”

“என் பேர்ல இருந்ததாலயா?”

“ஆவணி முடிஞ்சதும் உங்க கணக்கையே எடுத்துடுவாங்க. அன்னிக்கு ஒண்ணும் ஆகாது. ஓடிட்டு இருக்கிறது ஓடிட்டேதான் இருக்கும். ஒரு தரம் கரன்ட் போய் வந்தா, அப்புறம் எழாது.”

“மழையிலதான் கரன்ட் போகும்” என்றார் தணிகாசலம்.

“ஆமா.”

“அப்ப வேற யார் பேரைப் போடுறது? உங்க பேரையா?”

“ஆளே இல்லாத கணக்கு ஒண்ணு மெஷின்லயே இருக்கு. அதுக்குப் பாஸ்வேர்டும் இல்ல, ஓய்வும் இல்ல.”

தணிகாசலம் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தார். லாக் இன் செய்து, கணக்கைக் கேட்ட பெட்டியைத் திறந்தார். அதில் அவர் பெயர் ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து. ஒவ்வொன்றாக அழித்தார். நடுவில் ஒரு முறை நிறுத்தி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளில்லாத கணக்கைப் போட்டார். ரீஸ்டார்ட் செய்தார். லாக் இன் செய்யவில்லை.

டீச்சர் மூன்றாம் முறை இறங்கினார்.

“ஊதுதுப்பா” என்றாள் கோமளா. “இன்னும் எத்தனை தரம்?”

“போதும்மா” என்றார் அவர்.

டீச்சர் ஏறி வந்து பார்த்தால், தணிகாசலம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“காவலுக்கு இருக்கேன்.”

“உங்க வீடு எங்க ஐயா?”

“ஆத்தங்கரையில. மக வீட்டுக்கு அடுத்த வீடு.”

“இந்தப் பாறைக்கு வெள்ளம் ஏறுமா?”

“இங்கயா? எவ்வளவு வந்தாலும் ஏறாது.”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆறு மாதமும் ஊரில் அவர் ஒருவர்தான் மேட்டில் படுத்திருந்தார்.

“சங்கு உங்க வீட்டுக்குக் கேக்குமா?” என்றார் டீச்சர்.

“கேக்கும்.”

“அப்ப வீட்டுக்குப் போய்ப் படுங்க.”

மேற்கு மலையில் மேகம் கறுத்து இறங்கியிருந்தது. தணிகாசலம் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து ‘கை வைக்காதே’ சீட்டைக் கிழித்தார். கதவைப் பூட்டி, சாவியை டீச்சர் கையில் கொடுத்தார்.

பயமாகத்தான் இருந்தது. ஆற்றங்கரைப் பாதையில் இறங்கி நடந்தார்.