கோமளமும் குதிகால் இல்லாத காலுறைகளும்

ஒரு மலைக்காட்டில் கோமளம் என்ற முள்ளம்பன்றி இருந்தாள். உடம்பெல்லாம் முள், பெயர் மட்டும் கோமளம். பெற்றவர்களுக்கு என்ன அவசரமோ!

கோமளத்துக்குக் காலுறை பின்னுவதென்றால் பைத்தியம். மேய வரும் செம்மறியாடுகளின் ரோமம் புதர்களில் சிக்கிக் கிடக்கும். அதைப் பொறுக்கி வந்து நூலாக்குவாள். தவிட்டுப்பழத்தில் ஊதா, மஞ்சள் கிழங்கில் மஞ்சள், இலைச்சாற்றில் பச்சை என்று சாயம் ஏற்றுவாள். பின்னல் ஊசிக்கு எங்கே போவது? முதுகில் கை விட்டால் போதும்! ஒரு காலுறைக்கு ஐந்து முள் தேவைப்படும்.

ஒன்றைப் பின்னி முடித்தால் அந்த ஐந்து முள்ளும் அடுத்ததற்கு உதவும். ஆனால் கோமளம் எதை முடித்தாள்? மேல்பாகத்தில் கட்டம், மீன், கோலம் என்று பூவேலை குஷியாகப் போகும். குதிகால் வந்ததும் கொட்டாவி வந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு புது நூற்கண்டு கண்ணில் படும். உடனே பழையதை ஊசியோடு மூலையில் வீசுவாள். முதுகிலிருந்து இன்னும் ஐந்து முள்ளைப் பிடுங்குவாள்.

பக்கத்துப் புதரில் குடியிருந்த முயல் குட்டியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, முதுகு வழுக்கையாகிட்டே வருதே!"

"முள்தானேடி? தானா முளைக்கும்!"

"வளை முழுக்க நூலா இருக்கு. நீங்க எங்கே படுக்கிறீங்க?"

"வாசல்லதான். காத்து என்னமா வருது தெரியுமா!"

வளைக்குள் அவளுக்கே இடமில்லை என்பதை எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் பாருங்கள்.

நாற்பத்தொன்றாவது காலுறையைத் தொடங்கியபோது முதுகு முழு மொட்டை. மறுநாள் காலை புல்லெல்லாம் உறைபனி. அந்தக் குளிரில் செங்கோடன் என்ற செந்நாய் வந்து சேர்ந்தான்.

கோமளம் பழக்கதோஷத்தில் முதுகைக் காட்டி உடம்பை உலுக்கினாள். முள் கலகலக்கும் சத்தமே வரவில்லை.

"நீ என்ன, பெருச்சாளியா?" என்று கேட்டான் செங்கோடன்.

மானம் போயிற்று. உயிராவது மிஞ்சட்டும் என்று வளைக்கு ஓடினாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகலான வாசல். அவள் நுழையலாம், செந்நாய்க்குத் தலை மட்டும்தான் போகும். அவளோ தலையை விட்டதும் நூல்மூட்டையில் முட்டிக்கொண்டாள். பின்பாகம் முழுவதும் வெளியே நின்றது.

செங்கோடன் காலைப் பிடித்து இழுத்தான். அவளோடு ஒரு அரைகுறைப் பச்சைக் காலுறையும் அதன் நூற்கண்டும் வந்து விழுந்தன.

"இது என்னடி?"

"சாக்ஸ்ண்ணே! போட்டா கால் கதகதன்னு இருக்கும்."

செங்கோடன் பனியில் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றான். "நாலு காலுக்கும் இதே மாதிரி முடிச்சுக் கொடு, விட்டுடறேன். இல்லேன்னா இப்பவே கடிச்சுடுவேன்!"

கோமளம் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு குதிகாலைப் பின்னி முடித்தாள். உயிர்ப்பயத்தில் கை பறந்தது. ஆனாலும் புத்தி போகுமா? இரண்டாவது காலுறை பாதியில் இருக்கும்போது கண் ஒரு செம்மஞ்சள் கண்டின் மேல் போயிற்று.

"அண்ணே, இதுல ஒரு வரி விட்டா..."

"உர்ர்ர்!"

"பச்சையே அழகுண்ணே!"

மதியத்துக்குள் மூன்று முடிந்துவிட்டது. முடிய முடிய செங்கோடன் மாட்டிக்கொண்டு நடை பழகினான். அப்போது பச்சை நூல் தீர்ந்துபோயிற்று.

"இன்னொரு கண்டு உள்ளே இருக்குண்ணே."

"எங்கே?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி இருக்கேன்? நாலாவதை ஊதாவுல பின்னட்டுமா?"

"என் கூட்டம் சிரிக்கவா? தள்ளு, நானே தேடறேன்!"

தலையை நுழைத்து வாயால் கவ்விக் கவ்வி இழுத்தான். மூட்டை மூட்டையாக நூல் வந்தது.

"ஐயோ, மூக்கு! உள்ளே யாருடி?"

"அரைகுறை சாக்ஸ்ண்ணே! ஊசி இருக்கும், பார்த்து!"

அதுவரை கோமளத்திடம் எந்தத் தந்திரமும் கிடையாது. சத்தியமாகப் பச்சை நூலுக்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் இழுக்க இழுக்க வளைக்குள் ஏதோ மண்நிறமாகத் தெரிந்தது. அட, அவள் வீட்டுத் தரை! பார்த்து இரண்டு வருஷமாகிவிட்டது. உள்ளே ஓட வழி திறந்துவிட்டது!

"அண்ணே, அதோ சரிவுல உருளுது பாருங்க, பச்சை!"

செங்கோடன் திரும்பிப் பாய்ந்தான். மூன்று காலில் காலுறை, கீழே ஈரப்பாறை. சர்ரென்று வழுக்கி, நூலில் சுற்றிக்கொண்டு, அடிவாரம் வரை உருண்டான். கோமளம் ஒரே ஓட்டமாக வளைக்குள் புகுந்து கடைசி மூலையில் ஒண்டிக்கொண்டாள்.

அவன் திரும்பி வந்து வாசலில் தலையை விட்டுக் கத்தினான். "நாலாவது எங்கேடி?"

"ஒரு காலைத் தூக்கிக்கிட்டே நடங்கண்ணே, பழகிடும்!"

சாயங்காலம் வரை உறுமிப் பார்த்துவிட்டு அவன் நொண்டிக்கொண்டே போனான்.

கோமளம் தன் வீட்டுத் தரையில் நாலு காலையும் நீட்டிப் படுத்தாள். இந்தச் சுகத்தையா இத்தனை நாள் நூலுக்குக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே குட்டியம்மாள் நூல்குவியலைப் பார்த்து மலைத்து நின்றாள். "அக்கா, இதையெல்லாம் என்ன பண்றது?"

"காட்டுல குளிர்ல நடுங்கறவங்க எல்லாரும் எடுத்துக்கட்டும்டி!"

"இந்த ஊதாவையுமா?"

கோமளம் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"எடுத்துக்கோ. நான் பார்க்கறதுக்குள்ள எடுத்துட்டு ஓடிடு!"

அளவில்லாமல் சேர்ப்பவரும் தொடங்கியதை முடிக்காதவரும் ஆபத்து வரும் நாளில் தம் வீட்டு வாசலைத் தாமே அடைத்துவிட்டு வெளியே நிற்பார்கள்.