குழாய்க்குள் விட்ட கயிறு

பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய குரு ரெஜினாவுக்கு முப்பத்து நாலு. பாளையங்கோட்டையில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. பேச்சிமுத்து கண்டுகொள்ளவில்லை. லைட்டும் ஃபேனும் மாட்டியே இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர் அவர். போன், நெட், டிவி ஒயரிங் தெரியாததால் வேலைகள் கைநழுவிப் போவது அவருக்குத்தான் தெரியும். தெரிந்தவரிடம் போய்க் கற்றுக்கொள்வதில் என்ன வெட்கம்?

ஆறு மாதம் ரெஜினா கூடவே அலைந்தார். பத்மாவதி அம்மா கட்டும் புது வீட்டு வேலை வந்தது.

"இந்த வீட்ட நீங்க செய்யுங்க, அண்ணாச்சி" என்றார் ரெஜினா. "சரியா வந்தா அடுத்த வீடு முழுசா உங்க பொறுப்பு. நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்."

அன்றைக்கே பேச்சிமுத்து மனைவியிடம் சொல்லிவிட்டார். மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் அவரை அரித்தது.

"எந்த ரூமுக்கு என்ன வேணும்னு இன்னைக்கே எப்படி மேடம் கண்டுபிடிக்கது? அந்தம்மா டிவிக்கு இடத்த மூணு தடவ மாத்திட்டாங்க."

"ஒயர் இழுக்கையில சொல்லுதேன்" என்றார் ரெஜினா.

அந்த நாளும் வந்தது. மாடிப்படிக்கு அடியில் ஒரு பெட்டி. அங்கிருந்து ஆறு அறைகளுக்கும் சுவருக்குள் ஆறு குழாய்கள். கரண்ட் குழாயை விட்டு ஓரடி தள்ளி, பேச்சிமுத்துவே பதித்தவை. சுவர் பூசுவதற்கு முன்பே ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நைலான் கயிறு விட்டு வைத்திருந்தார். பெட்டிப் பக்கம் கயிற்றின் நுனியில் ஒயரைக் கட்டுவார், அறைக்கு ஓடிப்போய் மறுநுனியை இழுப்பார். கயிறு வரும், பின்னாலேயே ஒயரும் வரும். ரெஜினா பெட்டி அருகே உட்கார்ந்து ஒயர் சிக்காமல் விட்டுக்கொடுத்தார்.

மதியத்துக்குள் ஆறு அறைக்கும் நெட் ஒயரும் ஹாலுக்கு டிவி ஒயரும் போய்விட்டன. ஒயரைச் சோதிக்கும் டெஸ்டரில் எல்லா விளக்கும் எரிந்தன. பேச்சிமுத்து கயிறுகளை அழகாகச் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பத்மாவதி அம்மா வந்தார்.

"மாடி ரூம்லயும் ஒரு டிவி வச்சிருவோமா? அவரு கிரிக்கெட் போட்டா ஹால் நமக்கு இல்ல."

"தாராளமா வைக்கலாம்மா. குழாயில இடம் கெடக்கு" என்றார் பேச்சிமுத்து.

டிவி ஒயரை எடுத்துக்கொண்டு பெட்டி முன் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குழாயில் இடம் இருந்தது. இழுக்கக் கயிறு இல்லை. ஒயரை உள்ளே தள்ளிப் பார்த்தார். முதல் வளைவிலேயே முட்டிக்கொண்டது.

"சுவர உடைக்கணுமா?" பத்மாவதி அம்மாவின் முகம் வாடியது. பெயிண்ட் அடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

பேச்சிமுத்துவுக்குக் காது சுட்டது. அடுத்த வீடு போயிற்று என்றே நினைத்தார். மனைவியிடம் என்ன சொல்வது என்றும் நினைத்தார்.

"நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க, மேடம்?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"பையில என்ன வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?"

"கயிறு."

"எத்தன?"

"ஆறு."

ரெஜினா பிளாஸ்கைத் திறந்து தனக்கு டீ ஊற்றிக்கொண்டார்.

பேச்சிமுத்து கயிறுகளைப் பையிலிருந்து வெளியே எடுத்தார். பிறகு மாடி ஏறினார். மாட்டிய சாக்கெட்டைக் கழற்றி, ஒயரின் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டினார். கீழே வந்து ஒயரைப் பெட்டிப் பக்கம் திரும்ப இழுத்தார். ஒயர் வெளியே வந்தது, கயிறு பழையபடி குழாய்க்குள் போனது. அதன் நுனியில் நெட் ஒயரைக் கட்டினார், டிவி ஒயரைக் கட்டினார். அவற்றோடு இன்னொரு கயிற்றையும் சேர்த்துக் கட்டினார். ரெஜினா டீயைக் கீழே வைத்துவிட்டு ஒயரை விட்டுக்கொடுக்க, மேலே போய் இழுத்தார். மூன்றும் வந்தன. சுவரில் ஒரு கீறல் இல்லை.

பத்மாவதி அம்மாவுக்கு மூச்சு வந்தது. பேச்சிமுத்து பக்கத்து அறைக்குப் போய் அந்தச் சாக்கெட்டையும் கழற்ற ஆரம்பித்தார்.

"நான் ஒரு ரூமுக்குத்தான கேட்டேன்?"

"ஆமாம்மா. நீங்க ஒண்ணுதான் கேட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

சாயங்காலம் ஆறு சாக்கெட்டுக்குப் பின்னாலும், குழாய்க்குள் விட்டுவைத்த கயிற்றின் நுனி ஒரு முழம் சுருண்டு கிடந்தது. பேச்சிமுத்து கை கழுவிவிட்டுக் குருவிடம் வந்தார்.

"என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலையே, மேடம். எந்த ரூமுக்கு என்ன வேணும்னு எப்படித்தான் கண்டுபிடிக்கது?"

ரெஜினா அடுத்த வீட்டு பிளானைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

"அது இனிமே கயித்த இழுக்க வாரவங்க பாடு, அண்ணாச்சி."