அளவு எடுக்காத கம்மல்

"டீச்சர், ஒண்ணு நல்லா வருது. ஜோடிதான் சேர மாட்டேங்குது."

அய்யாக்கண்ணு இரண்டு கம்மல்களையும் மேஜைமேல் வைத்தார். ஒன்று நீளம். இன்னொன்று அதைவிட நீளம்.

டீச்சர் என்றதும் வயதானவள் என்று நினைத்துவிட வேண்டாம். ஷமீமாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். பட்டு நாடாவில் நகை செய்யக் கற்றுக்கொடுக்கிறாள். சூட்டாஷ் என்று அதற்குப் பெயர். நடுவில் பள்ளம் ஓடுகிற மெல்லிய நாடா. இரண்டு மூன்றை அடுக்கி, மணியைச் சுற்றி வளைத்து, அந்தப் பள்ளத்திலேயே ஊசியை விட்டுத் தைக்க வேண்டும். பொட்டுத் தங்கம் கிடையாது. கனமும் கிடையாது.

கனம் இருக்கக் கூடாது என்றுதான் அவர் வந்தார்.

ஊருக்கே சட்டை தைத்தவர். அவருக்குப் போய் ஊசி பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா? வேண்டியிருந்தது. சட்டைக் காலருக்கு இழுக்கிற மாதிரி நூலை இழுத்து இழுத்து, முதலில் நாடாவையெல்லாம் சுருட்டித் தள்ளினார். ஷமீமா சிரித்துக்கொண்டே பிரித்துக் கொடுத்தாள். கூப்பிடுவது மட்டும் "மாஸ்டர்" என்றுதான். மாணவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிற வகுப்பு வேறெங்கும் இருக்காது.

இது யாருக்கு என்று அன்றைக்குத்தான் கேட்டாள்.

மனைவிக்கு என்றார். தமயந்திக்குப் புற்றுநோய். வைத்தியத்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. உடம்பு தேறிவிட்டது, மனசுதான் தேறவில்லை. காதையும் மறைத்துத் தலையில் கட்டிய துணியை அவர் எதிரில்கூட அவிழ்ப்பதில்லை. நாளைக்கு மகளுக்கு வளைகாப்பு. தமயந்தி வர மாட்டேன் என்கிறாள். மகள் போனில் அழுகிறாள். தங்கத் தோடு காதை இழுக்கிறது, வெறுங்காதோடு எப்படி வருவது என்று ஒரு சாக்கு. அந்தச் சாக்கையாவது இல்லாமல் பண்ணலாம் என்றுதான் இத்தனை பாடு. சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஷமீமா இரண்டு கம்மல்களையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அளவு எடுக்காம துணியில கத்திரி வைப்பீங்களா மாஸ்டர்?"

"எப்படி வைக்கிறது? தொழிலாச்சே."

"அம்மாவுக்கு எடுத்தீங்களா?"

காது தெரிந்தால்தானே எடுக்க, என்று முனகினார்.

அவள் கம்மல்களை ஒரு கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்குப் போங்க. இன்னிக்கு வகுப்பு அவ்வளவுதான்."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நாளைக்கு வளைகாப்பை வைத்துக்கொண்டு இன்றைக்குத் துரத்துகிறாளே! சைக்கிளை மிதித்தபடி வழியெல்லாம் மனசுக்குள் திட்டினார். தெரு முனை வந்தபோது திட்டு தீர்ந்துவிட்டது.

தமயந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கவரைப் பிரிக்கவில்லை.

"அளவு எடுக்கணும்."

ஜாக்கெட்டுக்கா, இப்ப எதுக்கு அதெல்லாம் என்றாள்.

"காதுக்கு."

கீரை ஆய்ந்த கை நின்றது.

"உன் ரெண்டு காதும் ஒண்ணுபோல இருக்குமா, ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி இருக்குமா? எனக்குத் தெரியல தமயந்தி. இத்தனை வருஷம் கூட இருந்தும் தெரியல."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, பின்கழுத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள்.

அவர் டேப்பை எடுத்தார். காதுத் துளையில் வைத்துத் தாடை வரை இறக்கினார். அந்தப் பக்கமும் அப்படியே.

"எவ்வளவு?" என்றாள்.

ஊர் ஜனத்தின் அளவையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிற மனுஷர். டேப்பைக் குனிந்து பார்த்தார். எண்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன.

"இன்னொரு தடவை எடுக்கணும்."

"எடுங்க. எடுத்துட்டு சீக்கிரம் தைச்சு முடிங்க. நாளைக்குப் புள்ளைக்கு வளையல் போடப் போகணும்ல."