எந்தப் பக்கம்?

வலைக்கும் கம்புக்கும் வாய் இருந்த காலம் ஒன்று உண்டு. ரொம்பப் பழைய காலம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டரும் அதன் கீழே அலாரம் கடிகாரமும் வந்து சேர்ந்த பிறகுதான். அவற்றுக்கும் வாய் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தக் காலத்தில் பாக் நீரிணைக் கரையில் ஒரு மீனவர் குப்பத்துக்கு, சிவகங்கைப் பக்கத்திலிருந்து ராக்கினி என்ற பெண் வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் பெயர் சந்தியாகு. அவனுடையது அடைப்பு வலைத் தொழில். கரையோரச் சேற்றில் கம்புகளை வளைவாக நட்டு, தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது வலையின் அடியைச் சேற்றில் புதைத்து வைக்க வேண்டும். தண்ணீர் ஏறி நிறைந்ததும் வலையின் மேல்விளிம்பைத் தூக்கிக் கம்புகளில் கட்ட வேண்டும். மேய வந்த மீன் உள்ளே அடைபடும். தண்ணீர் வற்றியதும் போய் அள்ளிக்கொண்டு வரலாம். சொல்வதற்குச் சுலபம்தான்.

கம்பு நட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் இடம். அதற்கு ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மூன்று முறை வலை கட்டி, மூன்று முறையும் ஒரு கூடை மீன்கூட நிறையாவிட்டால், அந்த இடம் சீட்டுக் குலுக்கி வேறொருவருக்குப் போய்விடும். கடலைச் சும்மா போட்டு வைப்பது பாவம் என்று பெரியவர்கள் வைத்த ஏற்பாடு.

ஒருநாள் சேற்றுக்குள் கிடந்த திருக்கை மீனைச் சந்தியாகு மிதித்துவிட்டான். முள் பாதத்தில் ஏறியது. கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, காய்ச்சல் அனலாகக் கொதித்தது. அவனை வேனில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும்போது, பாதி மயக்கத்தில் ஒன்று சொன்னான்.

"எந்தப் பக்கம்னு பாத்து வலையக் கட்டு, ராக்கினி."

மறுநாள் கரையில் வலையைச் சுமந்துகொண்டு நின்றவளை இன்னாசி மறித்தான். சந்தியாகுவுக்குச் சித்தப்பா மகன். அந்த இடத்தின் மேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மதினி, வலை கட்டப் போறியளாக்கும். இன்னிக்கி எந்தப் பக்கம்னு தெரியுமா?"

"தெரியாம என்ன கொழுந்தனாரே, கிழக்குப் பக்கந்தான்."

கரையே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் 'கிழக்குப் பக்கம்' என்பது அவளுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அதற்குப் பிறகு யாரிடமும் போய் விளக்கம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டால் இன்னொரு பட்டப்பெயர் கிடைக்கும், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் பொருள்கள் பேசிக்கொண்டன.

"பக்கம் பக்கம் என்கிறார்களே, பக்கம் என்றால் நான்தான்," என்றது காலண்டர். "முன்னூற்று அறுபத்தைந்து பக்கம் என்னிடம் இருக்கிறது. கொட்டை எழுத்தில் தேதி போட்டிருக்கிறேன். இதைவிட என்ன வேண்டும்?"

"தேதி யாருக்கு வேண்டும்? நேரம்தான் முக்கியம்," என்றது கடிகாரம். "அவள் ஊரில் காலை ஆறு மணிக்குச் சொசைட்டியில் பால் ஊற்றியவள். நான் ஆறு மணிக்கு எழுப்பி விடுகிறேன். கடல் என்ன, பால் சொசைட்டியைவிடப் பெரிதா?"

"என் கண்ணியைப் பார்த்தீர்களா? பொடி இறால்கூடத் தப்பாது," என்றது வலை. "என்னை எங்கே போட்டாலும், எப்போது போட்டாலும் மீன் விழும்."

மூன்றும் ஒன்றை ஒன்று மெச்சிக்கொண்டன. தன் வாயால் கெட்டது தவளை மட்டுமில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ராக்கினி வலையைத் தூக்கிக் கட்டினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்து, அதற்குமேல் ஏற மனமில்லாமல் நின்றது. மதியம் வற்றியபோது போய்ப் பார்த்தாள். நாலு நண்டும் ஒரு கிழிந்த செருப்பும் கிடந்தன.

அப்போது கிழக்கே பட்டப்பகலில் அரை நிலா எழுந்துகொண்டிருந்தது. சேற்றில் நின்ற கம்பு தண்ணீரிடம் கேட்டது. அது பல வருஷமாகப் பிடுங்கப்படாமல் அங்கேயே நிற்கும் கம்பு. உடம்பில் கொட்டலசு என்கிற கூரான பொடிச் சிப்பி ஒட்டிச் சொறி பிடித்த மாதிரி இருக்கும். அதிகம் பேசாது.

"ஏன் இன்றைக்கு இவ்வளவு சோம்பல்?"

"என்னைக் கேட்காதே. இழுப்பவளைக் கேள்," என்றது தண்ணீர்.

நிலா மேலிருந்து சொன்னது: "நானும்தான் இழுக்கிறேன். ஆனால் இன்றைக்குச் சூரியன் ஒரு பக்கம் நிற்கிறான், நான் ஒரு பக்கம் நிற்கிறேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பாவம், தண்ணீர் எங்கே போகும்? நாங்கள் நேருக்கு நேர் நிற்கும் நாள் வரட்டும்."

இதெல்லாம் ராக்கினியின் காதில் விழவில்லை. மனிதர்களுக்கு அந்தக் காது கிடையாது.

சனிக்கிழமையும் ஆறு மணிக்கே கடிகாரம் கத்தியது. அவள் ஓடிப்போய் வலையைத் தூக்கிக் கட்டினாள். தண்ணீர் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே வர இருந்த மடவை மீன்கள் வலையில் முட்டிப் பார்த்துவிட்டு, வாசல் சாத்திய வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி திரும்பிப் போயின. அன்றைக்கு நண்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்து ஊர்த்தலைவர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ரெண்டு தடவ வெறும் வலை, தாயி. அடுத்த ஞாயிறு வரைக்கும் தவணை. அதுக்குள்ள மூணாவதக் கட்டிப்புடு. அதுவும் வெறும் வலைன்னா சீட்டுத்தான். சந்தியாகு படுத்துக் கெடக்கான்னு எனக்கும் தெரியும். நான் ஒருத்தன் சொல்லி என்ன?"

"நாளைக்கே கட்டிருங்க மதினி. சட்டுன்னு தெரிஞ்சிரும்ல?" என்றான் இன்னாசி.

ராக்கினிக்கு அழுகை முட்டியது. சந்தியாகு நொண்டிக்கொண்டு திரும்பி வரும்போது அவனுக்கு நிற்க இடம் இருக்காது. அதுவும் தன்னால் போயிருக்கும். யார் கையாலோ பிடுங்கப்படுவதைவிட நாமே கம்பைப் பிடுங்கிவிடலாம் என்ற ஆத்திரத்தில் அன்று மத்தியானம் சேற்றில் இறங்கினாள். அந்தப் பழைய கம்பை இடுப்பளவில் இறுக்கிப் பிடித்து இழுத்தாள். கொட்டலசு உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் வந்தது.

"மன்னித்துக்கொள், தாயே," என்றது கம்பு. "எனக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது."

அவள் கையை உதறிக்கொண்டு கம்பைப் பார்த்தாள். கொட்டலசு அவள் இடுப்பு உயரம்வரை ஏறி, அங்கே கோடு கிழித்த மாதிரி நின்றிருந்தது. அதற்குமேல் வெறும் மரம்.

தண்ணீர் படாத இடத்தில் இது வளராது என்று அவளுக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை நிறைந்து நின்ற தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. அப்படியானால் என்றைக்கோ ஒருநாள் தண்ணீர் இடுப்புவரை வந்திருக்கிறது. வந்தது திரும்பவும் வரும்.

வீட்டுக்கு ஓடினாள். கிழித்த காலண்டர் தாள்களை அவள் தூக்கிப் போடுவதில்லை. மாத்திரை மடிக்க உதவும் என்று வைத்திருந்தாள். வெள்ளி, சனி இரண்டையும் எடுத்து விரித்தாள். கொட்டை எழுத்துத் தேதியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு கீழே பொடி எழுத்தைப் படித்தாள். வெள்ளி, அஷ்டமி. சனி, நவமி.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அம்மா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான். ஆனாலும் அஷ்டமி நவமியில் விதைநெல்லைத் தொடமாட்டாள். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் 'எட்டாம் பக்கத்துல தண்ணிக்குச் சத்தேது' என்று பேசிக்கொண்டது இப்போதுதான் உறைத்தது. பக்கம் என்றால் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. அது நிலாவின் நாள்.

"அந்தப் பொடி எழுத்து என்னிடமா இருந்தது?" என்று காலண்டர் திகைத்தது. "நான் இதுவரை குனிந்து பார்த்ததே இல்லையே."

திங்கட்கிழமையிலிருந்து ராக்கினி ஒரு வேலை செய்தாள். பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து நாடாவாக்கினாள். தினமும் தண்ணீர் நிறைந்து நிற்கும்வரை கம்பின் அருகே காத்திருந்து, நீர்மட்டத்தில் ஒரு நாடா கட்டினாள். நாடாக்கள் நாளுக்கு நாள் மேலே ஏறின. நிறையும் நேரமும் தினம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போனது. கடிகாரம் ஆறு மணிக்குக் கத்தியபோதெல்லாம் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தூங்கினாள்.

"மதினி கம்புக்குச் சடை பின்னுறாக," என்று இன்னாசி ஊரெல்லாம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமி. விடியற்காலை தண்ணீர் வற்றியபோதே வலையின் அடியைப் புதைத்துவிட்டாள். மத்தியானம் தண்ணீர் நிறைந்தது. இன்றைக்குக் கட்டிவிடுவாள் என்று கரையில் கூட்டம் நின்றது. ராக்கினி கம்பைப் பார்த்தாள். கொட்டலசுக் கோட்டுக்கு இன்னும் நாலு விரல் பாக்கி. வலையைத் தொடாமல் கரையேறினாள்.

"என்னம்மா இது? பௌர்ணமிப் பருவம் இன்னிக்குத்தானே?" என்றார் தலைவர்.

"தண்ணி இன்னும் வந்து முடியல மாமா."

"நாளைக்கு ஒருநாத்தான் பாக்கி இருக்கு, பாத்துக்க."

"ஒருநாப் போதும் மாமா."

வாய்தான் அப்படிச் சொன்னது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கம்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சேற்றுக்குள் புதைந்து கிடந்த வலை புலம்பியது. "என்னைப் புதைத்துவிட்டுச் சும்மா போகிறாளே. எங்கே போட்டாலும் மீன் பிடிப்பவன் நான்!"

"கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இரு," என்றது கம்பு. பிறகு தண்ணீரிடம் கேட்டது: "நிலா இன்றைக்குத்தானே முழுசாகக் கூப்பிட்டாள்? நீ ஏன் முழுசாக வரவில்லை?"

"நான் எவ்வளவு பெரியவன் தெரியுமா?" என்றது தண்ணீர். "கூப்பிட்டது காதில் விழுந்து, எழுந்து, கிளம்பி வர ஒருநாள் ஆகும். அவசரக்காரர்களுக்கு நான் ஒருநாளும் முழுசாகக் கிடைத்ததில்லை."

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணி வாக்கில் தண்ணீர் வந்தது. முதலில் வெள்ளிக்கிழமை நாடாவை முழுங்கியது. பிறகு ஒரு விரல், இரண்டு விரல், நாலு விரல். இடுப்பளவில் கொட்டலசுக் கோட்டைத் தொட்டு, மூச்சுப் பிடித்த மாதிரி அசையாமல் நின்றது. அவளைச் சுற்றிலும் மடவை மீன்கள் துள்ளித் துள்ளி விழுந்தன.

"இப்போது," என்றது கம்பு.

அவளுக்குக் கேட்டதோ என்னவோ, அந்த நொடியில்தான் குனிந்தாள். வலையின் விளிம்பைத் தூக்கி முதல் கம்பில் கட்டினாள். அடுத்த கம்பு, அதற்கடுத்த கம்பு. வெடுக்கென்று இழுத்துக் கடைசி முடிச்சைப் போட்டபோது கைக்காயம் திறந்துகொண்டது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. வலை அன்றைக்குத்தான் தன் வாழ்நாளில் முதல் முறையாகப் பேசாமல் நின்றது. பேச முடியாது. உள்ளேயிருந்து அத்தனை மீன் மோதியது.

வெயில் தாழத் தண்ணீர் இறங்கியது. வந்த வேகத்திலேயே திரும்பி ஓடியது. அந்தி சாயும்போது சேற்றுத் தரை முழுக்க வெள்ளி வெள்ளியாகத் துடித்தது. மடவை, கெழுத்தி, இறால், ஆள் நீளத்தில் பாதி இருக்கும் ஒரு கொடுவா. ராக்கினி கொண்டுபோனது ஒரே ஒரு கூடை. இடம் தப்ப அதுதானே வேண்டும்? கண் மூடித் திறப்பதற்குள் அது நிறைந்துவிட்டது.

அவள் நிமிர்ந்து கரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "கூடை கொண்டாங்க, எல்லாரும் வாங்க!"

ஊரே இறங்கி வந்தது. கூடை போதாமல் அண்டா வந்தது, அண்டா போதாமல் தொட்டில் சேலை வந்தது. கோயிலில் பூ வைக்கும் தட்டுக்கூட வந்தது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் முழங்காலிட்டு அள்ளினார். "சீட்டுக் குலுக்குற டப்பாவையும் கொண்டாங்கடா, அதுலயும் நாலு இறால் போடலாம்," என்றார். இன்னாசிதான் அதிகக் கூடை சுமந்தான். எல்லாருக்கும் பங்கு போயிற்று, அவனுக்கும் போயிற்று. அப்போது கடலுக்கு மேலே நிலா எழுந்தது. விளிம்பில் ஒரு துளி தேய்ந்திருந்தது. நல்ல களைப்பும் நல்ல சந்தோஷமுமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சந்தியாகு கம்பு ஊன்றி நொண்டிக்கொண்டு வந்து இறங்கினான். பூசை முடிந்து வாசலில் கூட்டம் நின்றது. இன்னாசிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஆனால் இந்த முறை குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"மதினி, நம்ம வலையும் கட்டணும். இன்னிக்கி எந்தப் பக்கம்?"

ராக்கினி புருஷனைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள்.

"இன்னிக்கா கொழுந்தனாரே? நம்ம பக்கம்."