கரடிக்காக நடந்த குரங்கு

மருதங்காட்டில் காத்தாயி என்றொரு கரடி இருந்தாள். காலையில் இலுப்பைப் பழம், மத்தியானம் தேன், சாயங்காலம் ஓடையோரத்து உப்பு மண்ணில் நாலு நக்கு. மிச்ச நேரமெல்லாம் தூக்கம். கொடுத்து வைத்தவள்!

ஆனால் ஆடியில் காட்டுக்குள் வெள்ளம் புகும். எல்லாரும் கழுகுப்பாறை உச்சிக்கு ஏறியாக வேண்டும். போன வருஷம் பாதி வழியிலேயே அவளுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. யானையார் பின்னாலிருந்து முட்டித் தள்ளித்தான் மேலே போய்ச் சேர்ந்தாள். இந்த வருஷம் வெள்ளத்தோடு போய்விடுவோமோ என்று பயந்தாள்.

வைகாசியில் நாரை வைத்தியரிடம் போனாள். அவர் நாடி பார்த்தார்.

"ரத்த அழுத்தம் எகிறிக் கிடக்குது. உப்பு மண் பக்கம் போகாதே. நான் தர்ற மருந்தை விடாதே. தினமும் ஓடையிலிருந்து மருதமரம் வரைக்கும் வேகமா நட. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு."

காத்தாயி உப்பை விட்டாள். மருந்தையும் தின்றாள். நடப்பதுதான் வேப்பங்காயாகக் கசந்தது. மலையடிவாரக் கோயிலில் ஒருத்தர் பேரில் இன்னொருத்தர் சுற்றி வருவதை அவள் பார்த்திருக்கிறாள். நடைக்கும் அப்படி ஆள் வைத்தால் என்ன?

வேலைவெட்டி இல்லாத குரங்கு துரும்பனைக் கூப்பிட்டாள். "தினமும் என் பேரைச் சொல்லி நட. ஒரு தேனடை தர்றேன்."

"அதுக்கென்னக்கா, தாராளமா!"

ஒரு மாதம் துரும்பன் தவறாமல் நடந்தான். "அக்கா, இன்னிக்கு உங்க நடை முடிஞ்சுது" என்று சொல்லித் தேனடையை வாங்கிக்கொள்வான். அவளும் நிம்மதியாகப் புரண்டு படுப்பாள்.

ஆனியில் இருவரும் வைத்தியரிடம் போனார்கள்.

"காத்தாயி, உனக்கு அழுத்தம் ஏதோ கொஞ்சம்தான் இறங்கியிருக்கு. இதை வச்சுப் பாறை ஏற முடியாது. துரும்பா, உன் நாடி பிரமாதம்!"

"அடப்பாவி, என் நடையைத் திருப்பிக் கொடுடா!" என்று சீறினாள் காத்தாயி.

"எப்படிக்கா கொடுக்கிறது? அது என் கால்லல்லவா சேர்ந்திருக்கு" என்றான் துரும்பன் பரிதாபமாக.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் எழுந்தாள். கறையான் புற்று வரை போவதற்குள் மூச்சு வாங்கியது. உட்கார்ந்து, எழுந்து, திரும்பி வந்தாள். அடுத்த வாரம் மூங்கில் புதர் வரை போனாள். துரும்பனும் கூடவே வந்தான்.

"அக்கா, ஒரு பாட்டுப் பாடுங்களேன்."

"பேசத்தான் முடியும். பேசாம நட."

ஒரு நாள்கூட விடவில்லை. ஆனி முடிவதற்குள் மருதமரத்தைத் தொட்டுவிட்டாள்.

ஆடிக் கடைசியில் வெள்ளம் வந்தது. காத்தாயி பாறை ஏறத் தொடங்கினாள். முட்டித் தள்ளத் தயாராக யானையார் பின்னாலேயே வந்தார். அவருக்கு வேலையே வரவில்லை. தலை சுற்றாமல், தன் காலாலேயே அவள் உச்சியில் போய் நின்றாள்.

"இறங்கும்போது உங்களுக்குப் பதிலா நான் இறங்கட்டுமாக்கா?" என்று கண்ணடித்தான் துரும்பன்.

"வேண்டாம்டா. நானே இறங்கிக்கிறேன். தேனடையையும் நானே தின்னுக்கிறேன்."

நம் உடம்பு நலமாக இருக்க நாமேதான் தினமும் நடக்க வேண்டும். வேறு யாரும் நமக்காக நடந்து தர முடியாது.