நஸ்ரினின் தோள்

தணிகாசலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித் தருகிறவர். தலை நரைத்த பிறகு, தன்னைவிட வயதில் இளையவரான ஹெலனிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். ஹெலன் பயிற்சியாளர்களுக்கே பயிற்சி தருகிறவர்.

ஒருநாள் காலையில், மற்றவர்கள் வருமுன்பே மைதானத்துக்கு வந்து நின்றார் தணிகாசலம்.

"மேடம், தோள் வீக்கா இருக்கற பிள்ளைக்கு சர்வ் எப்படிச் சொல்லித் தரணும்?"

"எந்தப் பிள்ளைக்கு?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

பொதுவாகக் கேட்கிறவர்கள் யாரும் விடிந்ததும் விடியாததுமாக வந்து நிற்பதில்லை.  ஹெலன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கோட்டுக்குப் பின்னால் போட்டார்.

"உட்காருங்க சார். உட்கார்ந்தபடியே ஒரு சர்வ் போடுங்க. நல்லா பலமா."

போட்டார். பந்து வலையில் விழுந்தது.

"இன்னும் பலமா."

மறுபடியும் வலை. விட்டேனா பார் என்று ஓங்கி அடித்தார். பந்து எப்படியோ தாண்டிப் போனது. தணிகாசலம் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ உங்க தோளும் வீக்குதானா சார்?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உட்கார வெச்சு அடிக்கச் சொன்னா வலிக்காதா மேடம்? கால் தரையை உதைக்கணும். இடுப்பு திரும்பணும். அந்த வேகம் உடம்பு வழியா ஏறித் தோளுக்கு வரணும், அப்புறம்தான் கை. கீழேயிருந்து ஒண்ணும் வரலைன்னா எல்லாத்தையும் தோளே..."

அதோடு நிறுத்திவிட்டார். முகம் சுண்டிப்போனது. பாடம் அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்ததுதான் கேவலமாக இருந்தது.

"யார் சார் அந்தப் பிள்ளை?"

"நஸ்ரின். எங்க ஸ்கூல் டீம்ல ஆடுறவ. முழங்கால் வலிக்குது, மடக்க முடியலைன்னு சொன்னா. மாவட்டப் போட்டி நெருங்கிடுச்சு. காலை விடு, கையை வீசி அடின்னு சொல்லிட்டேன். ஜெயிச்சுட்டா. இப்போ தோள்ல ஜவ்வு கிழிஞ்சு கையைத் தூக்க முடியலை."

"அவ வீட்ல என்ன சொன்னீங்க?"

"பிறவியிலேயே தோள் பலம் கம்மின்னு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நல்ல தோளொன்று அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருந்தது.

ஹெலன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தணிகாசலத்துக்கு. நிமிர்ந்து பார்க்கக் கூசி, கையிலிருந்த ராக்கெட்டின் நரம்புகளைப் பார்த்தபடி பேசினார்.

"நேத்து வந்தா மேடம். இனிமே ஆடலையாம். 'என் தோள் சரியில்லாம உங்க பேரைக் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க சார்'னு அழுதா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

மற்ற மாணவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். தணிகாசலத்தின் குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியது.

"'பரவாயில்லம்மா'ன்னு சொன்னேன்."

ஹெலன் அவர் கையிலிருந்த ராக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

"போய் அந்தப் பரவாயில்லையைத் திருப்பி வாங்கிட்டு வாங்க சார். சர்வ் அப்புறம் பார்த்துக்கலாம்."