அடிப்பக்கம்

தணிகாசலம் வேலை கேட்டு ரிச்சி தெருவுக்கு வந்த அன்று, கடை வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அந்தத் தெருவில் அப்படிச் செய்கிறவர் யாரும் இல்லை. எதிர்க்கடையில் சார்ஜர் விற்றுக்கொண்டிருந்தவன் சிரித்தான்.

“சார், அது கோயில் இல்ல. லேப்டாப் கடை.”

தணிகாசலம் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்ட காலத்தில், அது இருந்த அறைக்கு ஏ.சி. உண்டு, வாசலில் செருப்பு வரிசை உண்டு. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் மேஜை மேலேயே லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தும் அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

அது பழைய லேப்டாப் கடை. கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் கனத்த, கறுப்பு லேப்டாப்புகளை மொத்தமாக வாங்கி, துடைத்து, சரிசெய்து விற்கும் கடை. கடைக்காரி தில்ஷாத். அவரைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். ஆனால் தெருவில் மீசை நரைத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

“இதுக்கு முன்னால என்ன வேலை?”

“ஆபீஸ் மேனேஜர். கம்பெனியை மூடிட்டாங்க.”

“லேப்டாப்பைப் பத்தி என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. என்கிட்ட இருந்த ஒண்ணையும் கடைசி நாள் வாங்கி வெச்சுக்கிட்டாங்க.”

தில்ஷாத் எழுந்து வாசல் வரை போனாள். தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் சற்று நின்றாள். திரும்பி வந்தாள்.

“நாளைக்கு வந்துடுங்க சார்.”

அதற்கு முன் அவர் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் முதலில் வயதைத்தான் கேட்டார்கள். இவள் கேட்கவில்லை. வெளியே வந்தபோது அவருடைய ஷூ இரண்டும் ஜோடியாக, சீராக வைக்கப்பட்டிருந்தன. பதற்றத்தில் உதறிவிட்டுப் போனதாகத்தான் அவருக்கு ஞாபகம்.

வேலைக்குச் சேர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“நல்ல லேப்டாப்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?”

தில்ஷாத் பக்கத்தில் இருந்த ஒன்றை எடுத்தாள். கவிழ்த்தாள். அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளரிடம் பேரம் பேசப் போய்விட்டாள்.

அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. தணிகாசலம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“புரிஞ்சதும்மா. மாடல் நம்பர், வருஷம் எல்லாம் இங்க இருக்கு.”

“சரி,” என்றாள்.

மறுநாள் இன்னொன்றைக் கவிழ்த்துக் கொடுத்தாள். காற்று போகும் ஓட்டைகளில் தூசி அடைத்திருந்ததை அவர் கண்டுபிடித்தார்.

“தூசி இருந்தா சூடாகும். அதானே?”

“சரி.”

பிறகொரு நாள், அடியில் இருக்கும் ரப்பர் கால்களில் ஒன்று போயிருந்ததைச் சொன்னார். அதற்கும் “சரி” என்றாள். தவறு என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அடுத்த நாள் இன்னொன்று கவிழ்ந்த நிலையில் அவர் கைக்கு வந்துவிடும்.

அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“வாயால சொல்லிக் கொடுத்தா என்னம்மா கெட்டுப்போகும்?”

“சொன்னா என்னைப் பார்ப்பீங்க. இதைப் பார்க்க மாட்டீங்க.”

கடைக்கு வருகிறவர்களில் யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை. மூடியை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் தேடினார்கள். கத்தரிக்காய் பொறுக்குவதுபோல் பளபளப்பைப் பொறுக்கினார்கள். தணிகாசலத்துக்கு அவர்கள் செய்வதுதான் சரியென்று பட்டது. கையில் காசு இருந்தால் அவரும் அதைத்தான் எடுப்பார்.

அந்தச் சமயத்தில்தான் திருத்தணிப் பக்கமிருந்து ஒரு பெண்கள் கல்லூரியின் முதல்வர் வந்தார். முழுக் கம்ப்யூட்டர் லேபுக்கும் லேப்டாப் வேண்டும். புதிதாக வாங்க வசதியில்லை. போன வருடம் யாரோ கொடுத்தவை பிராக்டிகல் பரீட்சை நடுவில் ஒவ்வொன்றாக அணைந்துபோய், பிள்ளைகள் அழுதுகொண்டே வெளியே வந்தார்களாம்.

“எழுத்து தெளிவாத் தெரியணும். பரீட்சை முடியற வரைக்கும் நிக்காம ஓடணும். வேற ஒண்ணும் கேக்கல,” என்றார் அந்த அம்மாள். “மறுபடி அதே மாதிரி ஆச்சு, உன் கடை வாசல்ல வந்து உட்கார்ந்துடுவேன். பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு.”

“வாங்க. டீ சொல்றேன்,” என்றாள் தில்ஷாத்.

கடையில் அத்தனை லேப்டாப் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனி பழையதை ஏலம் விடுவதாகச் செய்தி வந்தது. கடையில் இருந்த முதல் முழுவதையும் தில்ஷாத் அதில் போடத் தீர்மானித்தாள்.

“நீங்க போய் எடுத்துட்டு வாங்க சார்.”

“நானா?”

“நான் போனா, எந்தக் குவியல் பக்கத்துல நின்னு மூச்சு விடறேன்னு பார்த்து அதுக்கு விலையை ஏத்திடுவாங்க. உங்களை அங்க யாருக்கும் தெரியாது.”

“எனக்கும் ஒண்ணும் தெரியாதேம்மா.”

“அதுவும் நல்லதுதான்.”

“தப்பா எடுத்துட்டா?”

“ஷட்டரை இறக்கிட்டு ரெண்டு பேரும் வேற வேலை தேடலாம். எனக்குப் பிரியாணி சுமாரா வரும்.”

அவள் சிரிக்கவில்லை. விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று பேருந்தில் போகும் வழியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே போனார்.

கம்பெனியின் கிடங்கில் இரண்டு குவியல்கள் இருந்தன. எந்த லேப்டாப்பிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. தகவல் வெளியே போய்விடக் கூடாதென்று கம்பெனி பக்கவாட்டுச் சிறு மூடி வழியாக உருவி வைத்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்க்கலாம், திறந்து பார்க்கலாம். கரண்ட் கொடுக்க மாட்டார்கள், அதனால் போட்டுப் பார்க்க முடியாது. ஒரு குவியலை மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும்.

“இது ஸ்டோர்ல ஸ்பேரா இருந்தது. அது ஸ்டாஃப் கையில இருந்தது,” என்றார் ஏலக்காரர்.

ஸ்டோர் குவியல் கண்ணைப் பறித்தது. மூடியில் கீறல் இல்லை. விசைகளில் எழுத்துகள் அச்சடித்ததுபோல் இருந்தன. ஸ்டாஃப் குவியலைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எழுத்துகள் அழிந்து, மணிக்கட்டு படும் இடம் வழவழத்துப்போய், ஒன்றின் மூடியில் டீ டம்ளர் வைத்த வட்டம், இன்னொன்றில் பாதி கிழிந்த முருகன் ஸ்டிக்கர்.

தணிகாசலத்துக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இதில் குழம்ப என்ன இருக்கிறது? ஸ்டோர் குவியலிலிருந்து ஒன்றை ஆசையாக எடுத்தார். எடுத்த கை, பழக்கத்தில், தானாகக் கவிழ்த்தது.

மாடல் நம்பர் இருந்தது. தூசி இல்லை. ரப்பர் கால்கள் நான்கும் இருந்தன. எல்லாம் சரி. கீழே வைக்கப் போனவரின் கண்ணில் திருகாணி பட்டது.

அதன் தலை பிய்ந்திருந்தது. கறுப்புப் பூச்சு போய் உள்ளே வெள்ளையாக மின்னியது. அடுத்த திருகாணியும் அப்படித்தான். மூன்றாவது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழி. இன்னொரு லேப்டாப்பை எடுத்துக் கவிழ்த்தார். இன்னொன்று. எல்லாவற்றிலும் திருப்புளி பலமுறை ஏறி வழுக்கிய தழும்பு.

முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததைப் போய்க் கவிழ்த்தார். தூசி மண்டியிருந்தது. விரலால் துடைத்தார். திருகாணித் தலைகளில் கறுப்புப் பூச்சு கலையாமல் இருந்தது. தயாரித்த இடத்திலிருந்து வந்த நாள் முதல் யாரும் அதன் அடியைத் திறந்ததில்லை.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பழைய அலுவலகத்தில் கூட வேலை பார்த்த சுகுணாவின் மேஜையில் இருந்த லேப்டாப் ஞாபகம் வந்தது. திடீர் திடீரென்று அணைந்துவிடும். சர்வீசுக்குப் போனது, வந்தது. இன்னொருவருக்குக் கொடுத்தார்கள், அவரும் திருப்பிக் கொடுத்தார். மறுபடி சர்வீஸ். ஒவ்வொரு தடவையும் பளபளவென்று துடைத்து அனுப்பினார்கள். கடைசியில் ஸ்பேர் என்று எழுதி ஒட்டி அலமாரியில் வைத்தவர் அவரேதான். யாராவது அலமாரியைத் திறந்து, புதுசு மாதிரி இருக்கே சார் என்றால், பெருமையாகத் தலையாட்டியிருக்கிறார்.

“என்ன சார், முருகனைக் கும்பிடறீங்களா?”

பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றார். பூபதி. ரிச்சி தெருவில் இரண்டு மாடிக் கடை வைத்திருப்பவர். தணிகாசலத்துக்கு அவரைத் தெரியும். அவருக்குத் தணிகாசலத்தைத் தெரியாது.

“சும்மா பார்த்தேன்.”

“தொழிலுக்குப் புதுசா?”

“ஆமாங்க.”

“தெரியுது.”

ஸ்டோர் குவியலுக்கு ஏலம் சூடாக நடந்தது. ஒருவர் விட்டால் இன்னொருவர் ஏற்றினார். கடைசியில் பூபதிக்கு விழுந்தது. மற்றவர்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். ஸ்டாஃப் குவியலின் பெயரைச் சொன்னபோது கிடங்கில் கொட்டாவிச் சத்தம்தான் கேட்டது. தணிகாசலம் கையைத் தூக்கினார். யாரோ ஒருவர் வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் கூட்டிக் கேட்டுவிட்டு, போனில் பேச ஆரம்பித்தார். தணிகாசலம் மறுபடி கையைத் தூக்கினார். முடிந்துவிட்டது.

“எடைக்குப் போடறதா இருந்தா சொல்லுங்க சார்,” என்றார் பூபதி. “என் மச்சான் காயலான் கடை வெச்சிருக்கான். உங்களுக்காக நல்ல ரேட்டு போடச் சொல்றேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தார். ஆனால் வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது பின்னால் இருந்த குவியலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். திருகாணியை நம்பி ஒரு கடையையே ஏற்றிக்கொண்டு வருகிறோமே என்று நினைத்தார்.

வேன் வந்து நின்றதும் தில்ஷாத் கடை வாசலுக்கு வந்தாள். குவியலை ஒரு பார்வை பார்த்தாள். ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்தத் தொடங்கினாள். மேஜையிலும் தரையிலும் வரிசையாகப் பரப்பி, ஒயர் கொடுத்தாள்.

“நீங்களே போடுங்க.”

தணிகாசலம் முருகன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததிலிருந்து ஆரம்பித்தார். பொத்தானை அழுத்தினார். ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்டது. திரையில் வெளிச்சம் வந்தது.

அடுத்தது. அதுவும் வந்தது. அதற்கடுத்தது. மூடியில் டீ வட்டம் பதிந்திருந்த லேப்டாப்பும் எரிந்தது. வரிசை வரிசையாகத் திரைகள் எரிய, கடையின் சுவரெல்லாம் நீலமாகிவிட்டது. எதிர்க்கடைக்காரன் சார்ஜர் வியாபாரத்தை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றான். ஒவ்வொன்று எரியும்போதும், “போடு,” “போடு,” என்றான்.

ஒன்று மட்டும் எரியவில்லை.

தணிகாசலம் அதைக் கவிழ்த்தார். திருகாணித் தலைகள் பிய்ந்திருந்தன.

“இந்த ஒண்ணை அங்க கவனிக்காம விட்டுட்டேன்மா,” என்று சொல்லித் தனியே எடுத்துவைத்தார்.

“சரி,” என்றாள் தில்ஷாத்.

அத்தனை நாளும் கேட்ட அதே சொல்தான். ஆனால் அன்று அவள் அதற்குப் பிறகு எதையும் கவிழ்த்து அவர் கையில் கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் நாள் முழுக்க ஓடவிட்டார்கள். எதுவும் நிற்கவில்லை. எழுத்து அழிந்த விசைப்பலகைகளைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. தில்ஷாத் தெருவில் சொல்லிவைத்தாள். சொன்ன இரண்டாம் நாள் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பூபதி.

“அக்கா, கீபோர்டு வேணுமாமே. எல்லாம் புத்தம்புதுசு. எழுத்துகூட அழியல.”

“உங்களுக்கு வேணாமா?”

“வெச்சு என்ன பண்றது? ஏலத்துல எடுத்த அந்த லாட்டு பூராவும் நல்லா எரியுது, நாம பில்லு போடறதுக்குள்ள அணைஞ்சிடுது. உதிரியாத்தான் கழிக்கணும்.”

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்து திருகாணி கழற்றிக்கொண்டிருந்த தணிகாசலத்தைப் பார்த்தார். தலைக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளியைத் தேர்ந்தெடுத்து, பூச்சு கலையாமல் கழற்றிக்கொண்டிருந்தார். அது அவர் புதிதாகக் கற்றது.

பூபதி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தார்.

“நீங்கதானா சார் அன்னைக்கு ஏலத்துக்கு வந்தது? எதைப் பார்த்து சார் எடுத்தீங்க? எனக்கு மட்டும் சொல்லுங்க.”

தணிகாசலம் ஒரு லேப்டாப்பை எடுத்தார். கவிழ்த்தார். பூபதியின் கையில் கொடுத்தார்.

பூபதி ஸ்டிக்கரை உற்றுப் பார்த்தார்.

“மாடல் நம்பரா?”

“சரி,” என்றார் தணிகாசலம்.

கல்லூரியில் பிராக்டிகல் பரீட்சை நடந்த நாளில் முதல்வர் இருவரையும் வரச் சொல்லியிருந்தார். ஏதாவது அணைந்தால் அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று. லேப் வாசலில், காலணிகளை வெளியே விடவும் என்று பலகை இருந்தது. தணிகாசலத்துக்கு அதைப் படிக்க நிம்மதியாக இருந்தது. ஷூவைக் கழற்றி, பெண்களின் செருப்புக் குவியல் ஓரமாக விட்டார்.

உள்ளே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்கள். தட்டும் சத்தம் மழைபோல் ஒரே சீராகக் கேட்டது. நேரம் போகப் போகத் தணிகாசலம் ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஸ்டிக்கரை உரித்துத் துடைத்துவிட்டதால், முருகன் ஒட்டியிருந்தது எதுவென்று அவரால் இப்போது அடையாளம் காண முடியவில்லை. மணி அடித்தது. ஒரு திரைகூட அணையவில்லை.

பெண்கள் சிரித்துக்கொண்டு, விடையை ஒருத்தியிடம் ஒருத்தி கேட்டுக்கொண்டு, முட்டிமோதிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அழுதவள் யாரும் இல்லை.

“நான் உன் கடைக்கு வந்து டீ குடிக்கறதுக்கு வழி இல்லாமப் பண்ணிட்டியேம்மா,” என்றார் முதல்வர். அடுத்த வருடம் மேல்மாடி லேபுக்கும் அவர்களே கொடுக்க வேண்டும் என்றார்.

வாசலுக்கு வந்தபோது அங்கே அவருடைய ஷூ மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதுவும் பெண்கள் ஓடிய வேகத்தில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தில்ஷாத் தன் செருப்பைத் தேடிப் படியோரமாகப் போய் மாட்டிக்கொண்டு வந்தாள்.

“ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன்மா,” என்றார் தணிகாசலம். “வேலை தெரியாதுன்னு நானே சொன்னேன். வயசைக்கூடக் கேக்காம என்னை எப்படிச் சேர்த்துக்கிட்டீங்க?”

தில்ஷாத் குனிந்து அந்த ஷூவை எடுத்தாள்.

“ஐயோ, நீங்க எதுக்கும்மா. விடுங்க.”

அவள் அதை நிமிர்த்தி வைக்கவில்லை. கவிழ்ந்தபடியே அவர் கையில் கொடுத்தாள்.

“அன்னைக்கும் வாசல்ல இப்படித்தான் கிடந்துச்சு, அண்ணே. அடி பூராத் தேய்ஞ்சிருந்துச்சு. மறுதையல் போட்ட இடம் ஒண்ணுகூட இல்ல.”